என் பேரு இருக்கா டீச்சரம்மா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொங்கல் வேலைகளுக்கு நடுவே நேரம் கிடைக்கும்போது படியுங்கள். கட்சி பேசப் போகிறேனோ என்று யாரும் பயப்பட வேண்டாம். நம் குடும்பத்திலேயே நாலு கட்சி இருக்கிறது, கல்யாண வீட்டில் அவர்கள் போடும் சத்தமே எனக்குப் போதும்.

போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. "டீச்சர், எங்கம்மா பேரு லிஸ்ட்ல இல்ல. இடம் மாறிட்டாங்கன்னு போட்டிருக்கு. மார்க்கெட்டுக்கு மீன் எடுத்துட்டுப் போறதத் தவிர எங்கம்மா எங்க டீச்சர் போனாங்க?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 6 கோடியே 41 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்திருந்தார்கள். நீங்கியவை 97 லட்சத்துக்கும் மேல். அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம் பேர். குடிபெயர்ந்தவர்கள், வீட்டில் காணப்படாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் 66 லட்சத்துக்கும் மேல். மிச்சம் இரட்டைப் பதிவு முதலானவை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்து 25 ஆயிரம். மூன்று பேரில் ஒருவருக்கு மேல். செத்தவர்களின் பெயரும், இரண்டு இடத்தில் இருக்கும் பெயரும் போக வேண்டியவைதான். இருபது வருடமாக முழுதாகத் துடைக்காத பட்டியல் அது. என் மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகியும் அவர் பெயர் எங்கள் வீட்டு முகவரியில் ஓட்டுரிமையோடு இருந்தது. ஆனால் "காணப்படாதவர்" என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. யார் போய்ப் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? நம் குப்பத்தில் விடியற்காலை ஆண்கள் கடலில் இருப்பார்கள், பெண்கள் ஏலத்தில் இருப்பார்கள், பகலில் மார்க்கெட்டில் இருப்பார்கள். பூட்டிய கதவு எதற்கும் சாட்சி ஆகாது.

இந்தப் பெயர் விவகாரம் குடியரசைவிட மூத்தது. சென்னை மாகாணச் சட்டசபைதான் 1921-இல் இந்தியாவிலேயே முதலில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த மாகாண சபை. சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும்தான், நம் பாட்டிமார் யாருக்கும் கிடைத்திருக்காது. எல்லோருக்கும் ஓட்டு என்பது சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. அரசியலமைப்புச் சட்டம் முடிவதற்கு முன்பே, 1948-லேயே பட்டியல் எழுதும் வேலை தொடங்கிவிட்டது. முதல் தேர்தலுக்குச் சேர்ந்தவை 17 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள். அந்த வேலையைத் தலைமை ஏற்று முடித்தவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அப்போது ஒரு சிக்கல். வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் முதல் தேர்தலில் ஓட்டுப் போடாமல் போனார்கள். அவர் செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்றும் இரண்டு மனம். அடுத்த தேர்தலில் அந்தப் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள் என்பது உண்மை. இழந்த ஓட்டு இழந்ததுதான் என்பதும் உண்மை.

தேர்தல் ஆணையம் ஏன் தனியாக நிற்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் 15 அன்று விவாதம் நடந்தது. முதலில் மாகாணத்துக்கு ஓர் ஆணையம் என்றுதான் யோசித்தார்கள். அம்பேத்கர் அதை மாற்றிக் கொண்டுவந்தார். சில மாகாணங்களில் வேற்று மொழி, வேற்றுப் பண்பாடு உள்ளவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடும்படி நடக்கிறது என்று வந்த புகார்களைத்தான் காரணமாகச் சொன்னார். கவனியுங்கள் பிள்ளைகளே, இன்று நாம் 324-ஆவது பிரிவு என்று சொல்லும் ஆணையம் பிறந்ததற்குக் காரணமே பட்டியலில் பெயர் விடுபடும் என்ற பயம். ஓட்டை எண்ணுவதில் வரும் மோசடி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். அதே விவாதத்தில் சிப்பன்லால் சக்சேனா என்ற உறுப்பினர், ஆணையரை நியமிப்பது பிரதமர் கையில்தானே இருக்கும், அவர் தன் கட்சிக்காரரையே போட்டால் என்ன செய்வது, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்றார். சபை அதை ஏற்கவில்லை. நியமனத்துக்கு ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் பிறகு செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். அந்தப் "பிறகு" வர 74 வருடம் ஆயிற்று.

நீதிமன்றம் இதில் எங்கே நுழைகிறது என்பதற்கு முதல் பாடம் நம் மாநிலத்தில்தான் எழுதப்பட்டது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் தொகுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு நிற்க என்.பி. பொன்னுசாமி என்பவர் மனு கொடுத்தார். 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் நடத்தும் அலுவலர் அதைத் தள்ளுபடி செய்தார். பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றம் போனார், நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று தீர்ப்பு வந்தது. பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியாக இருந்த காலம், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து போனவர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி. தேர்தல் என்பது அறிவிப்பில் தொடங்கி முடிவு அறிவிப்பில் முடியும் ஒரே ஓட்டம், நடுவில் எந்த நீதிமன்றமும் கை வைக்கக் கூடாது, குறை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் வழக்கு போடலாம் என்றது தீர்ப்பு. 329-ஆவது பிரிவுக்கு அன்று சொன்ன அந்தப் பொருள்தான் இன்றைக்கும் நிற்கிறது.

யோசித்தால் நியாயமானதுதான். வேட்பாளர் ஒவ்வொருவரும் தடை வாங்கினால் இந்த நாட்டில் ஒரு தேர்தலும் முடியாது. பொன்னுசாமி போன்ற வேட்பாளருக்குப் பின்னால் ஒரு வழியும் உண்டு. வழக்கில் ஜெயித்தால் மறு தேர்தல் நடக்கும். பட்டியலில் பெயர் இல்லாத ஒரு மீன்காரம்மாவுக்கு? வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது என்பது சட்டம். பட்டியலில் இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது என்பதும் சட்டம். தேர்தல் முடிந்த பிறகு அவருக்காக யார் வழக்குப் போடுவார்கள்? ஒரு ஓட்டால் முடிவு மாறியிருக்காது என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் சில வருடம் பி.எல்.ஓ.வாக இருந்தேன். பள்ளி விட்டதும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். சுனாமிக்குப் பிந்திய காலம் அது. கரையோரத்துக் குடும்பங்கள் பல எர்ணாவூர் குடியிருப்புக்குப் போய்விட்டன. சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் அங்கே என்று இருந்தார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். "அவங்க எர்ணாவூர் போயிட்டாங்க" என்றார்கள். மறுபடி போய்ப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் எனக்கு அரையாண்டு விடைத்தாள் கட்டு காத்திருந்தது. குடிபெயர்ந்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

2009 மே 13, மக்களவைத் தேர்தல். வாக்குச்சாவடிக்கு வெளியே மேசை போட்டு வரிசை எண் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அடையாள அட்டையோடு வந்தார். மகள் பிரசவத்துக்காக எர்ணாவூரில் சில மாதம் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். பட்டியலில் தேடுகிறேன், இல்லை. தலைமை அலுவலரிடம் போய்க் கேட்டேன். அவர் பாவம், என்ன செய்வார்? பட்டியலில் இருந்தால்தான் உள்ளே விட முடியும். திரும்பி வந்து சொன்னேன். "இந்த மொகத்த ஒனக்குத் தெரியாதா டீச்சரம்மா? ஒன் பள்ளிக்கூடத்துலதான எம் பேரன் படிக்கிறான்" என்றார். கோபப்படவில்லை. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த திருத்தத்தில் நானே படிவம் நிரப்பிச் சேர்த்தேன். அதற்குப் பிறகு மீன் கூடையோடு எங்கள் வாசலில் நிற்கும்போதெல்லாம் முதல் கேள்வி, "என் பேரு இருக்கா டீச்சரம்மா?" அப்புறம்தான் மீன் விலை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க எத்தனை செய்வோம்! வீட்டுக்குப் போவோம், பெற்றோரைப் பார்ப்போம், குறிப்புக் கலத்தில் காரணம் எழுதுவோம், தலைமையாசிரியர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். ஒரு குடிமகளின் பெயரை நான் பக்கத்து வீட்டுப் பேச்சை வைத்து எடுத்தேன். நீக்குவதற்கு முன் சம்பந்தப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1950-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். இந்தப் பதிவில் இருக்கும் நாமக்கல்லும் கல்கத்தாவும் அப்படிப் படித்ததுதான்.

ஆம், கல்கத்தா. 1982-இல் மேற்கு வங்கத் தேர்தலுக்கு முன் பட்டியல் சரியில்லை என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து இடைக்கால உத்தரவுகள் பிறந்தன. உச்ச நீதிமன்றம் தேர்தலை நடக்கவிட்டது. 1985-இல் விரிவான தீர்ப்பில் இரண்டு விஷயம் சொன்னது. தேர்தல் நெருங்கும்போது பட்டியலைக் காரணம் காட்டி அதை நிறுத்தக் கூடாது. ஆனால் பட்டியல் தயாரிப்பது 329-ஆவது பிரிவு சொல்லும் "தேர்தல்" என்பதற்குள் வராது. நாமக்கல் வழக்கில் சாத்திய கதவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது இங்கேதான்.

பத்து வருடம் கழித்து அந்த ஜன்னல் வழியாக வந்தது லால் பாபு உசேன் வழக்கு. மும்பையிலும் டெல்லியிலும் குடிசைப் பகுதி மக்களுக்கு, நீங்கள் குடிமக்கள்தானா, இந்த இந்தக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள் என்று அறிவிப்பு போயிற்று. கேட்ட காகிதங்கள் ஏழைகளிடம் இருக்கக் கூடியவை அல்ல. 1995-இல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் முறையாகச் சேர்க்கப்பட்டவர் என்றே கொள்ள வேண்டும், அவர் காட்டும் எந்தச் சான்றையும் அலுவலர் பார்க்க வேண்டும், போலீஸ் அறிக்கையை வைத்துக் கூண்டோடு நீக்கக் கூடாது என்றது.

அதே 1995-இல் நம்ம சேஷன் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர். நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் புகைப்பட அட்டை அவர் போட்ட உத்தரவின் மிச்சம். ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரமா என்று நினைத்தோ என்னவோ, 1993-இல் மத்திய அரசு இன்னும் இரண்டு ஆணையர்களை நியமித்தது. அவர் வழக்குப் போட்டார், தோற்றார். மூன்று பேர் ஆணையம் அன்று நிலைத்தது. மூன்று பேர் இருப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம். அந்த மூன்று பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் என் கவலை.

நீதிமன்றம் நுழைந்தாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2016 அக்டோபர் 4 அன்று, இட ஒதுக்கீட்டு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை, வேறு ஆணையம். ஆனால் விளைவு நமக்குத் தெரியும். அப்பீல், வார்டு மறுவரையறை, அவகாசம் என்று இழுத்து, சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் நம் கத்திவாக்கத்துக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போனோம், நினைவிருக்கிறதா?

பட்டியல் வீங்கியிருந்தாலும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. பக்கத்திலேயே உதாரணம், ஆர்.கே.நகர். ஜெயலலிதா அம்மையார் மறைவுக்குப் பிறகு 2017 ஏப்ரல் 12-க்கு வைத்த இடைத்தேர்தலை, பண விநியோகப் புகாரால் மூன்று நாள் முன்னால் ஆணையமே ரத்து செய்தது. அந்தச் சின்னத் தொகுதியில் 45,000-க்கும் மேற்பட்ட போலிப் பெயர்கள் இருப்பதாக தி.மு.க. உயர் நீதிமன்றம் போனது. பெயர்களை நீக்கி, வருடக் கடைசிக்குள் தேர்தலை முடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. டிசம்பர் 21 அன்று ஓட்டுப்பதிவு நடந்தது. அன்று நீக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போன கட்சி இன்று நீக்காதே என்று போகிறது என்று என் தம்பி கிண்டல் செய்கிறான். சரிதான். ஆனால் இரண்டு தடவையும் கேள்வி ஒன்றே: எந்தப் பெயர், என்ன காரணம்?

இதைத்தான் பீகார் வழக்கு தெளிவாக்கியது. 2025 ஜூன் 24 அன்று அங்கே சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 1 வரைவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர்களின் பட்டியலைத் தனியாக வெளியிடவோ, ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லவோ சட்டத்தில் கட்டாயம் இல்லை என்று ஆணையம் வாதிட்டது. ஆகஸ்ட் 14 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், ஜோய்மால்யா பாக்சி அமர்வு, 65 லட்சம் பேரின் விவரத்தையும் காரணத்தோடு இணையத்தில் போடுங்கள், அலுவலகப் பலகையிலும் ஒட்டுங்கள் என்றது. செப்டம்பர் 8 அன்று ஆதாரையும் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கச் சொன்னது, அது குடியுரிமைக்கு அத்தாட்சி அல்ல, ஆளுக்கு அத்தாட்சி என்ற விளக்கத்தோடு. திருத்தத்தை நீதிமன்றம் நிறுத்தவில்லை. இப்படித் திருத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்ற பெரிய கேள்வி அப்போது விசாரணையில் இருந்தது. எனக்கு அந்த ஆகஸ்ட் உத்தரவே பெரிதாகத் தெரிகிறது. பெயருக்கு எதிரே காரணம் எழுது என்பது, ஒரு தலைமையாசிரியர் உதவி ஆசிரியரிடம் கேட்கும் சாதாரணக் கேள்வி. 2009-இல் என்னிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால், நான் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை நடந்திருப்பேன்.

அடுத்து நம் முறை. நவம்பர் 4-இல் படிவம் கொடுக்கத் தொடங்கினார்கள், டிசம்பர் 14 வரை நீட்டினார்கள். 2002-லும், சில தொகுதிகளில் 2005-லும் நடந்த பழைய திருத்தப் பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று கேட்டது படிவம். சுனாமிக்கு முந்தைய பாகம் எண்ணைக் கரையோர ஜனங்கள் எங்கே போய்த் தேடுவது? தி.மு.க.வும் வேறு சில கட்சிகளும் உச்ச நீதிமன்றம் போயின. நவம்பர் 11 அன்று நோட்டீஸ் அனுப்பிய உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தங்கள் வழக்குகளை இப்போதைக்கு நிறுத்தி வைக்கட்டும் என்றது. ஒரே விஷயத்துக்குப் பத்து கோர்ட்டில் பத்து உத்தரவு வேண்டாம் என்பது புரிகிறது. ஆனாலும் நெட்டுக்குப்பத்திலிருந்து பாரிமுனை ஒரு பஸ் தூரம், டெல்லி அப்படி இல்லை.

பி.எல்.ஓ.க்களைத் திட்டாதீர்கள். பலர் அங்கன்வாடிப் பெண்கள். வேலைப் பளுவால் நாட்டின் பல இடங்களில் உயிரையே விட்டவர்கள் உண்டு. த.வெ.க. தொடுத்த வழக்கில் டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், கூடுதல் ஆட்களைப் போடுங்கள், முடியாதவர்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. அந்த மேசையில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், அவசரப்படுத்தினால் கை தானாகச் சுலபமான கட்டத்தில் டிக் அடிக்கும்.

ஆணையர்கள் நியமனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் 2 அன்று அனூப் பரன்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் செய்யும் வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து ஆணையர்களைப் பரிந்துரைக்கட்டும் என்றது. அதே டிசம்பரில் சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இடத்தில் பிரதமர் சொல்லும் மத்திய அமைச்சர் உட்கார்ந்தார். மூன்றில் இரண்டு அரசின் பக்கம். 1949-இல் சக்சேனா கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கும் வழக்குத் தொடுக்கப்பட்டது. இப்போதைய தலைமை ஆணையர் ஞானேஷ் குமார் இந்தச் சட்டப்படி தலைமைப் பதவிக்கு வந்த முதல் ஆள். அவர் நல்லவரா கெட்டவரா என்பது என் வாதம் இல்லை. வினாத்தாள் எடுப்பவரும் திருத்துபவரும் ஒரே வீட்டுப் பெரியவர் சொன்ன ஆட்களாக இருந்தால், நன்றாகப் படித்து முதல் மார்க் வாங்கிய பிள்ளையையும் ஊர் சந்தேகப்படும்.

அந்தப் பையனின் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பெயர் நீங்கியவர்கள் பட்டியலில் காரணத்தோடு இருந்ததால்தான் அவனால் என்னிடம் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பழைய பட்டியலைத் தேடினோம். அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. கணவர் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். படிவம் 6, உறுதிமொழித் தாள், ஆதார் நகல், கரண்ட் பில், எல்லாம் வைத்துக் கொடுத்தாயிற்று. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். வாங்கிக்கொண்டு வந்து காட்டினார்.

2026 ஜனவரி 18 வரை முதலில் நேரம் கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்தில் யாருக்காவது படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு அனுப்புங்கள். பொங்கல் அன்றும் இருப்பேன். பழைய அடையாள அட்டை இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள், என் கண்ணாடியின் பவர் கூடிவிட்டது, செல்போனில் காட்டினால் எனக்குத் தெரியாது.